எங்கள் முன்னோர் தின்ற கவுனி அரிசி

கறுப்பாக இருக்கிற அரிசியெல்லாம் கவுனி அரிசிதான் என்று நான் நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவன், கடை வைத்து நடத்துகிறவன், வாக்காளர் அட்டை உள்ளவன் நம்பக்கூடிய விஷயமா இது என்று கேட்காதீர்கள். செட்டிநாட்டில் பிறந்தவனுக்குக் கறுப்பு அரிசி என்றால் ஒன்றுதான். வேகவைத்து, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறி, கல்யாணப் பந்தியில் இலை ஓரத்தில் வைப்பார்களே, அது. அதனால் மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்த கறுப்பு மணி ஒன்றைப் பார்த்ததும் என் மூளை அதிக தூரம் போகவில்லை. நாக்கு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது.

கொத்தமங்கலத்தில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு வீடு இருக்கிறது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும் அதில் ஓர் அறை உண்டு, அறைக்கு ஒரு பூட்டு உண்டு. பூட்டுகள்தான் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. ஆட்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, வீட்டின் பெருமையை மட்டும் வாட்ஸ்அப்பில் குடிவைத்திருக்கிறார்கள். நான் காரைக்குடியில் எவர்சில்வர் பாத்திரக் கடை நடத்துகிறேன். அதாவது, உருப்படாமல் பக்கத்திலேயே தங்கிவிட்டேன். அதனால் வாசல் கதவின் சாவி என்னிடம். அந்தச் சாவி நல்ல கனம். அதை வைத்திருக்கிறவனுக்குத்தான் குடும்பத்தில் கனம் கிடையாது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. சின்ன வயசிலிருந்தே குடும்பத்தின் கோமாளி நான். விசேஷங்களில் கார்களை ஒழுங்காக நிறுத்த வைப்பது, தண்ணீர் கேன் வந்ததா என்று பார்ப்பது, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து எல்லாரையும் சிரிக்க வைப்பது, இவைதான் எனக்கு ஒதுக்கப்பட்ட பதவிகள். முதல் பந்தியில், பெரியவர்களின் வரிசையில், எனக்கு ஒருநாளும் இலை போட்டதில்லை. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிவந்தேன். சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

இந்த நிலையில்தான் நாச்சியாபுரம் பக்கம் கண்மாயை ஒட்டிய ஒரு மேட்டில் குழி தோண்டி ஆராய்ச்சி செய்ய ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒருவர் பழங்காலத்து விதைகளைப் பார்க்கிறவர். இராமநாதபுரம் பக்கத்துப் பெண், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கண்மாய் வறண்டு, தோண்டுகிற இடத்தில் தண்ணீர் இல்லை, எங்கள் வீட்டின் பின்கட்டில் கிணறும் நிழலும் இருக்கின்றன என்று யாரோ சொல்லி, கேட்டு வந்தார். சாவி என்னிடம் இருப்பதை இந்த உலகத்தில் ஒருவர் மதித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே திறந்துவிட்டேன்.

அவர் வேலையைப் பார்க்க எனக்கு முதலில் பரிதாபமாக இருந்தது. சாக்குப்பையில் மண் வரும். வாளித் தண்ணீரில் அதைக் கொட்டிக் கையால் மெதுவாகக் கலக்குவார். மண் அடியில் தங்கும். கரித்துணுக்குகள் மேலே மிதக்கும். மிதப்பதை மாவுச் சல்லடையைவிட நைசான சல்லடையில் பிடித்து, துணியில் முடிந்து, கிணற்றடிக் கொடியில் காயப்போடுவார். படித்த படிப்புக்கு இதுவா வேலை என்று தோன்றியது.

"என்ன தங்கச்சி, டிகாசன் இறக்குறீக?" என்றேன்.

"ஆமாண்ணே. பழைய டிகாசன். ஒரு டம்ளர் தரவா?"

வாய் உள்ள ஆள் என்று தெரிந்தது. அன்றிலிருந்து கடையைச் சாத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதற்குப் பதிலாகக் கொத்தமங்கலத்துக்குப் போக ஆரம்பித்தேன். விதைகள் எப்படி இத்தனை காலம் கெடாமல் இருக்கின்றன என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லா சமைச்சுச் சாப்பிட்டதெல்லாம் வயித்துக்குப் போயிரும்ணே, அது நமக்குக் கெடைக்காது. அடுப்புல சிந்திக் கருகிப்போனதுதான் மிஞ்சும். கரியாயிட்டா அது மக்காது, கறையானும் சீண்டாது. அப்படியே கெடக்கும்."

எனக்கு இது பெரிய தத்துவமாகப் பட்டது. பதமாக இறக்குகிறவள் மறைந்துபோகிறாள், அடிப்பிடிக்க விட்டவள் வரலாற்றில் நிற்கிறாள். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். "அப்ப உங்க அம்மா பேரு அழியவே அழியாது," என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கிளறப் போனாள்.

சிலநாள் கழித்து மேட்டில் ஓர் அடுப்பு கிடைத்தது. மூன்று கல், நடுவே சாம்பல். அந்தச் சாம்பல் மண் அப்படியே பின்கட்டுக்கு வந்தது. கரைத்து, காயவைத்து, ஒரு தட்டில் பரப்பி மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்திருந்தார். "பாக்குறீகளா? தும்மிராதீக," என்றார். குனிந்து பார்த்தேன். உருண்டை உருண்டையாகக் கறுப்புப் பொடிகள். நடுவே ஒன்று மட்டும் நீளமாக, மினுமினுப்பாக, முதுகில் கோடு போட்டு, சுத்தமான கவுனி மணி மாதிரி படுத்துக் கிடந்தது.

"இது என்ன?"

"இன்னும் பாக்கலண்ணே. அப்புறந்தான் ஒவ்வொண்ணாப் பிரிக்கணும்."

பாவம், இவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். செல்போனை அந்தக் கண்ணாடிமேல் வைத்து ஒரு படம் எடுத்தேன். மைக்ராஸ்கோப் என்பது சின்னதைப் பெரிதாகக் காட்டும் கருவி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அந்தப் பாடம் எங்கே போனதோ தெரியாது. படத்தைப் பங்காளிகள் குழுவில் போட்டேன். "நம் மண்ணில் நம் முன்னோர் தின்ற கவுனி அரிசி! அடுப்போடு கிடைத்தது!"

பொதுவாக நான் எதைப் போட்டாலும் அந்தக் குழுவில் கிணற்றில் கல் விழுந்த சத்தம்கூட வராது. இந்த முறை கும்பிடு கைகள் கொட்டின. கண்ணீர் விடும் பொம்மைகள் வந்தன. நான் வயசு எதுவும் எழுதவில்லை. ஆனால் முதல் பதிலிலேயே "இரண்டாயிரம் வருடம்" என்று ஒருவர் தீர்ப்பளித்தார். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அதை மூவாயிரம் ஆக்கினார். விளக்கு வைப்பதற்குள் ஐயாயிரம் ஆகிவிட்டது. வாழ்நாளில் பிறந்த ஊருக்குப் பத்து நாள் சேர்ந்தாற்போல் வராத ஜனங்கள், ஐயாயிரம் வருடமாக இங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதுபோல் எழுதினார்கள்.

மறுநாள் சென்னையிலிருந்து பெரிய அண்ணன் கூப்பிட்டார். என் பெரியப்பா மகன். பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது ஓய்வே இல்லாமல் எங்களை நிர்வாகம் செய்கிறார்.

"டேய், இத்தனை வருசமா உன்னைய வெறும்பயன்னே நெனச்சுட்டேன்டா."

"வெறும்பயதாண்ணே."

"சும்மா இர்றா. வர்ற படைப்புல மொத அயிட்டமே கவுனி அரிசிதான். அந்தப் படத்தைப் பேனர் போட்டு வளவு முத்தத்துல மாட்டிருவோம். நீ எந்திரிச்சு நாலு வார்த்தை பேசுற. மொதப் பந்தியில எம்பக்கத்துல உக்கார்ற."

படைப்பு என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். செத்துப்போன முன்னோரை நினைத்துச் சமைத்து, அவர்களுக்கு இலை போட்டுப் படைத்துவிட்டு, பங்காளிகள் எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தப் பந்தியில் முதல் வரிசை! போனை வைத்ததும் கடையில் வேலை பார்க்கிற அம்மாளிடம் காரணமில்லாமல் இரண்டு முறை "நன்றி" சொன்னேன். பட்டுக்கரை வேட்டி ஒன்று எடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைச் செருமி, "பங்காளிகளே" என்று தொடங்கிப் பார்த்தேன். குரல் நானே நம்பும்படி இருந்தது.

என் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கவா? கவுனி அரிசி பர்மாவுல இருந்து வந்ததுன்னுதானே எல்லாக் கல்யாணத்துலயும் சொல்லுவீக? உங்க ஐயாவோட ஐயா கப்பல்ல கொண்டாந்தாகன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரகள நிறுத்தி வச்சுச் சொல்லுவீகளே?"

"ஆமா."

"காவிரிப்பூம்பட்டினத்துல இருந்துதான் நம்ம ஆளுக இங்குட்டு வந்தாகன்னும் சொல்லுவீக."

"ஆமா."

"அப்ப அந்த அடுப்புல சமைச்சது யாரு?"

இத்தனை காலமும் இரண்டு பெருமைகளையும் இரண்டு பைகளில் வைத்துக்கொண்டு, எந்தப் பந்தியில் எது செலவாகுமோ அதை எடுத்துவிட்டுத் திரிந்திருக்கிறோம். அரிசி பர்மாவிலிருந்து வந்தது. நாங்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தோம். இரண்டு பேரும் வருவதற்கு முன்பே இரண்டு பேரும் நாச்சியாபுரத்தில் சந்தித்துக்கொண்டோமாம். இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. குழுவில் கணக்குத் தணிக்கை செய்கிறவர் உண்டு, வக்கீல் உண்டு, டாக்டருக்குப் பஞ்சமே இல்லை.

அன்றே கொத்தமங்கலத்துக்கு ஓடினேன். ஆய்வாளர் சின்னத் தூரிகையால் மணிகளைத் தள்ளித் தள்ளிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அந்தக் கறுப்பு அரிசி..."

"எல்லாமே கறுப்புத்தாண்ணே. கரியில்ல? வெள்ளரிசி கருகுனாலும் கறுப்பு, உளுந்து கருகுனாலும் கறுப்பு."

கருகிக் கரியானதுதான் மிஞ்சும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். நான்தான் அதைக் கேட்டுவிட்டு என் மனைவியைக் கிண்டல் செய்யப் பயன்படுத்திக்கொண்டேன்.

"சரி, அரிசின்னாவது சொல்லலாமா?"

"இந்தத் தட்டுல அரிசியே இல்ல. உருண்டையா இருக்கிறதெல்லாம் வரகு. உமி உரிக்காம அப்படியே இருக்கு. கூடவே புல் விதை நெறைய. மனுசன் சாப்பிடுறதுன்னா உமியும் புல்லுமாவா ஒலையில போடுவான்? இந்தக் கட்டியப் பாருங்க. தொட்டா வைக்கோல் துணுக்கா உதிருது. வறட்டிண்ணே. மாடு வரகையும் புல்லையும் தின்னுருக்கு. சாணியைத் தட்டிக் காயவச்சு அடுப்பெரிச்சிருக்காக."

"அப்ப என் படத்துல இருக்கிற நீளமான மணி?"

"அதுவா? புல் விதை. கடுகளவுகூட இருக்காது."

அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "இதுதாண்ணே அருமையான சேதி. இங்க மாடு வச்சிருந்திருக்காக. வரகு வெளைஞ்சிருக்கு. விறகு இல்லியோ, இல்ல சேத்து வச்சாகளோ, வறட்டியில சமைச்சிருக்காக. ஒரு அடுப்புச் சாம்பல்ல ஒரு வீடே தெரியுது பாருங்க."

எனக்கு வீடு தெரியவில்லை. பேனர் தெரிந்தது. எட்டடி அகலத்தில், மாடு தின்று போட்ட புல் விதை ஒன்று, எங்கள் வளவில், எங்கள் முன்னோர் படங்களுக்கு மேலே. அதன் கீழே பட்டுக்கரை வேட்டியில் நான்.

"ஒரே ஒரு கவுனி மணிகூடவா இல்ல? நல்லாத் தேடிப் பாருங்களேன்."

"உங்க கடையில ஒரு வெள்ளித் தட்டு இருக்காண்ணே?"

"எவர்சில்வர் கடைம்மா."

"நல்லாத் தேடிப் பாருங்களேன்."

அதற்குப் பிறகு படைப்பு வரைக்கும் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் இளக்காரம்தான் வருகிறது. கடையில் குக்கர் கேட்டவருக்கு இட்லிச்சட்டி மூடியைப் போட்டுக் கொடுத்தேன். காய்ச்சல் வராதா என்று பச்சைத் தண்ணீரில் தலை முழுகினேன். தலைமுடி பளபளப்பானதுதான் மிச்சம். பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கற்பக விநாயகர் முன்னால் நின்று, புல் விதையை அரிசியாக்கிக் கொடு என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கோடி ஜனம் கல்யாணமும் பிள்ளையும் கேட்டு நிற்கிற இடத்தில் இந்த மனு எடுபடாது என்று தேங்காயை மட்டும் உடைத்துவிட்டு வந்தேன். பெரிய அண்ணனுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே? போட்டேன். "பேனர் வந்துருச்சுடா, என்னமா இருக்கு தெரியுமா!" என்றார். "சந்தோசம்ணே," என்று வைத்துவிட்டேன். முதல் பந்தி அத்தனை லேசில் விடுகிற சாமான் இல்லை.

கடைசி முயற்சியாக ஆய்வாளரிடம் போய், படைப்பு அன்றைக்கு ஊருக்குப் போய் இரண்டு நாள் ஓய்வெடுத்தால் என்ன என்று அக்கறையாகக் கேட்டேன்.

"உங்கண்ணன் போன்லயே என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுட்டாகளே. செட்டிநாட்டுப் பந்திய விடச் சொல்றீகளா?"

"வந்தா எதும் பேசுவீகளா?"

"கேட்டாச் சொல்லுவேன். கேக்கலேன்னா சாப்பிடுவேன்."

படைப்பு நாள் வந்தது. பூட்டுகள் திறந்தன, ஏசி வண்டிகள் தெருவை அடைத்தன. பேனர் நான் பயந்ததைவிடப் பெரிது. அந்த விதையைச் சுற்றிப் பொன்னிறத்தில் ஒளிவட்டம் வேறு போட்டிருந்தார்கள். பங்காளிகள் ஒவ்வொருவராக அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சென்னைக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "நம்ம ரத்தத்துலயே இருக்குடா இந்தச் சத்து," என்று சிங்கப்பூர்க்காரர், சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

முன்னோருக்கு இலை போட்டுப் படைத்தாயிற்று. அந்த இலையிலும் கவுனி அரிசிதான் முதலில் விழுந்தது. பிறகு முதல் பந்தி. பெரிய அண்ணனுக்கு வலப்பக்கம் எனக்கு இலை. இதற்காக எத்தனை வருடம் சிரித்திருக்கிறேன்! உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் ஆய்வாளர் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டு நல்லபிள்ளையாக இருந்தார்.

பெரிய அண்ணன் மைக்கைப் பிடித்தார். ஐயாயிரம் வருடப் பெருமையை இரண்டு நிமிடத்தில் முடிக்கிற ஆளில்லை அவர். சாம்பார் ஆறியது. கடைசியில், "இதைக் கண்டுபிடிச்ச தங்கச்சி நம்ம கூடவே உக்காந்திருக்காக. அவுக வாயாலயே ஒரு வார்த்தை..." என்று மைக்கை எதிர்ப்பக்கம் நீட்டினார்.

கேட்டால் சொல்லுவேன் என்றவர் அவர். மைக் இலைகளுக்கு மேலே நகர்வதைப் பார்த்தேன். அடுத்து என்ன செய்தேன் என்பதை வீரம் என்று யாராவது நினைத்தால் அது தவறு. பல் பிடுங்குகிறவர் நெருங்கும்போது நாமே வாயைத் திறந்துவிடுவோமே, அந்த மாதிரி பயத்தில் நடந்தது. எழுந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"பங்காளிகளே, இது அரிசியே இல்ல. புல்லு. மத்ததெல்லாம் வரகு. மனுசன் தின்னது இல்ல, மாடு தின்னது. மாட்டு வயித்துக்குள்ள போய், சாணியா வெளிய வந்து, வறட்டியாக் காஞ்சு, அடுப்புல எரிஞ்சது. அதைத்தான் பேனர்ல போட்டுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

பந்தி அப்படியே நின்றது. நெய் ஊற்ற வந்தவர் கரண்டியைத் தூக்கியபடி நின்றார். பெரிய அண்ணனின் முகம் சிவந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவர் வெடித்துச் சிரித்தார். "அடப்பாவி! படைப்பன்னைக்குக்கூட விடமாட்டேங்குறானே!" வரிசை முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. சிங்கப்பூர்க்காரருக்குப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. "மூஞ்சிய எப்படி வச்சிருக்கான் பாரு, நிசமாட்டமே!" என்று யாரோ கத்தினார்கள்.

"விளையாட்டில்லண்ணே, சத்தியமா," என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது.

ஆய்வாளர் எழுந்தார். மைக் இல்லாமலே சத்தமாக, "அண்ணன் சொல்றது அத்தனையும் நிசந்தான். வறட்டிதான் அது," என்றார்.

"பாருடா, வந்த பிள்ளையையும் கூட்டுச் சேத்துட்டான்!" பெரிய அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கி, "இவனைப் பேச விட்டது என் தப்பு. கவுனிய இன்னொரு தரம் கொண்டாங்கப்பா," என்றார்.

கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சாப்பாடு நன்றாக இருந்தது என்று அர்த்தம். நானும் சாப்பிட்டேன். நெய் கூடுதல்.

அந்த அடுப்பில் எரிந்தது வறட்டி. வறட்டிக்குள் இருந்தது வரகும் புல் விதையும். சமைத்தவர்கள் யார், என்ன சாப்பிட்டார்கள் என்று அந்தச் சாம்பல் சொல்லவில்லை. ஆய்வாளர் வேறு குழி மண்ணைக் கரைத்துக்கொண்டிருக்கிறார். பேனரை யாரும் கழற்றவில்லை. அடுத்த படைப்பில் கார்களை நான்தான் நிறுத்த வைத்தேன். கடைசிப் பந்தியில் சாப்பிட்டேன்.